புயலுக்குப் பின் தாழ்வாரம்: சேதத்தைக் கணிப்பதும் பழுது நீக்குவதும்

கொல்லிமலை வீடுகளில் முன்தாழ்வாரமும் அதன் கீழுள்ள திண்ணையும் வெறும் முகப்பு அல்ல. சாமை மூட்டை இறங்குவதும், மிளகு உதிர்ப்பதும், காயும் காப்பிக்கொட்டையை மழைக்கு வாரிப் போடுவதும் அங்கேதான். எடப்புளி நாடு உட்பட மலையின் பதினான்கு நாடுகளிலும் இதுதான் நிலை. காற்றடித்தால் முதலில் அடி வாங்குவதும் இந்தத் தாழ்வாரமே. அது இடிந்த மறுநாள் எல்லோர் கண்ணும் உடைந்த ஓட்டின் மேலும் பறந்த ஷீட்டின் மேலும்தான் போகும். இந்த அத்தியாயம் சொல்வது வேறு: ஓட்டை மாற்றுவதற்கு முன் தூணின் காலையும் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். காற்று மரத்தை முறிப்பதைவிட, ஏற்கெனவே தளர்ந்திருந்த கட்டை அவிழ்ப்பதே அதிகம்.

தாழ்வாரம் ஏன் முதலில் போகிறது

புயல் கடலோரத்தோடு நின்றுவிடுவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, மாவட்டங்களைக் கடந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. புயல் இல்லாத ஆண்டிலும் சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று உண்டு, ஆடிக்காற்றும் உண்டு.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மேடான இடத்தில் வேகமே கூடும். கட்டடங்களின் மேல் காற்றின் சுமையைக் கணக்கிடும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 (பகுதி 3, 2015), மலை முகட்டிலும் சரிவின் உச்சியிலும் காற்றின் வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. அழுத்தம் அதனால் ஏறத்தாழ 85 சதவீதம் வரை கூடும். சமவெளியில் தாங்கும் கூரை மேட்டுக்காட்டு வீட்டில் தாங்காமல் போவது இதனால்தான்.

அடுத்தது கூரையின் எடை. மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம் தரும். சுவரில்லாத பக்கங்களில் அது அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கும். 20 அடி நீளம், 10 அடி அகலமுள்ள தாழ்வாரத்துக்குக் கணக்குப் போட்டால், மேல்நோக்கிய இழுவை 850 கிலோவைத் தாண்டலாம். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். ஓடு, ரீப்பர், கைமரம் எல்லாம் சேர்ந்து அந்த இழுவையை ஓரளவு ஈடுகட்டும் எடை அதற்கு உண்டு. அதே இடத்தில் அரை மில்லிமீட்டர் தகர ஷீட் போட்டால் மொத்த ஷீட்டும் நூறு கிலோவுக்கு உள்ளேதான் இருக்கும். ஓட்டைக் கழற்றி ஷீட் போட்டவர்கள், கூரையைப் பிடித்து வைத்திருந்த எடையையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். அந்த எடையின் வேலையை இனி போல்ட்டும் பட்டையும்தான் செய்யவேண்டும்.

கிட்டே போவதற்கு முன்

1. மின்சாரம். சர்வீஸ் வயரைத் தாழ்வாரத் தூணிலோ கூரைக் குழாயிலோ கட்டி இழுத்திருக்கும் வீடுகள் பல. கூரை சாயும்போது வயரும் அறுந்திருக்கும். தகரக் கூரையில் மின்சாரம் பாயலாம். மெயினை அணையுங்கள், மெயினுக்கே கூரையைக் கடந்துதான் போகவேண்டும் என்றால் போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

2. தொங்கும் கிளை. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளை காற்றில் எளிதாக முறியும். பாதி முறிந்து மாட்டிக்கொண்ட கிளை மறுநாள் வெயிலில்கூட விழும். கீழே நிற்குமுன் அண்ணாந்து பாருங்கள்.

3. மண். வீட்டுக்கு மேற்புறக் கரையில் புதிய விரிசல், ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் மரங்கள், கற்கட்டில் புதிதாக வயிறு தள்ளிய இடம், ஊற்று இல்லாத இடத்தில் கலங்கிய நீர்க்கசிவு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டைவிட்டு வெளியேறி வருவாய்த்துறைக்குச் சொல்லுங்கள். சரியும் மண்ணின் மேல் தாழ்வாரம் கட்டிப் பயனில்லை.

4. ஓட்டுக் குவியல். தேளும் பாம்பும் ஒதுங்கும் இடம். கையுறையும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு, கம்பால் தட்டிவிட்டுப் பிறகு தொடுங்கள்.

5. ஆஸ்பெஸ்டாஸ். உடைந்த ஷீட்டை உலர்ந்த நிலையில் அறுக்கவோ பெருக்கவோ வேண்டாம். அதன் இழை நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் நன்றாக மூடும் முகக்கவசம் போட்டு, துண்டுகளைச் சாக்கில் கட்டி வையுங்கள்.

முதலில் படம், பிறகு வேலை

எதையும் நகர்த்துமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, உடைந்த ஒவ்வொரு இடத்துக்கும் கிட்டத்தில் ஒன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுக்க இது வேண்டும். 2022 முதல் 2026 வரையிலான பேரிடர் நிவாரண விதிகளின்படி, முழுதும் இடிந்த வீட்டுக்கு மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய் தரப்பட்டது. குறைந்தது 15 சதவீதம் சேதமான வீட்டுக்குக் காரை வீடென்றால் 6,500 ரூபாயும் மண்வீடென்றால் 4,000 ரூபாயும் தரப்பட்டன. ஒட்டியிருக்கும் மாட்டுக்கொட்டகைக்கு 3,000 ரூபாய் தரப்பட்டது. தாழ்வாரம் மட்டும் போனது என்று எழுதிவிட்டு நிற்காதீர்கள். அதோடு சேர்ந்து பிளந்த சுவர், நகர்ந்த உத்திரம், உடைந்த வீட்டு ஓடு எல்லாவற்றையும் சேர்த்தால்தான் அந்த 15 சதவீதம் தேறுமா என்பது தெரியும். விழுந்த மரத்தை அறுத்துப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். மரம் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் விதிகள் உண்டு.

கீழிருந்து மேலாகப் பார்க்கும் முறை

ஒரு திருப்புளி, சிறு சுத்தியல், தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல், சாக்பீஸ். இவ்வளவு போதும். வரிசையை மாற்றவேண்டாம்.

*திண்ணையும் அடித்தளமும்.* திண்ணையின் ஓரத்தில் மண் அரித்து அடியில் பொந்து விழுந்திருக்கிறதா? தூண் நிற்கும் கல் சாய்ந்திருக்கிறதா? விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் கோட்டைத் தாண்டினால் அடித்தளம் இன்னும் இறங்குகிறது என்று பொருள்.

*தூணின் கால்.* சேதத்தின் உண்மையான காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். வர்ணம் பூசிய தூண் பார்வைக்கு நன்றாக இருக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் நான்கு முகத்திலும் திருப்புளியின் முனையை அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நுனியளவே பதியும். எடுக்கும்போது நீண்ட சிலாம்பு பிய்ந்து வரும். உளுத்த மரத்தில் முனை அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று சத்தமில்லாமல் இறங்கும். பிய்ந்து வருவது சிறுசிறு கட்டியாக உதிரும். சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் மொத்தென்று ஒலிக்கும். கறையான் ஏறிய மண்கோடு தெரிந்தால் அதைக் கீறி உள்ளே உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கவைக்கும் பூஞ்சை வளராது. தூணின் அடி வெட்டுமுகம் ஈரத்தை நேராக உறிஞ்சுவதால் முதலில் கெடுவது அதுதான்.

*தூணின் நேர்.* தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். எட்டடித் தூணில் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்வு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தூணும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் தாழ்வாரம் முழுதும் அசைந்திருக்கிறது. ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் அதன் கால்தான் போயிருக்கிறது.

*உத்திரம்.* ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடியுங்கள். நடுவில் தொங்கல் எவ்வளவு? நார் ஓடும் திசையிலேயே நீளமாக விழுந்த கோடு பெரும்பாலும் மரம் காய்ந்ததால் வந்த வெடிப்பு, அதற்கு அஞ்சவேண்டாம். நாருக்குக் குறுக்கே ஓடும் முறிவு ஆபத்து.

*இணைப்புகள்.* கைமரம் உத்திரத்தின் மேல் உட்காரும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். கறுத்த பழைய மரத்தில் புதிதாக வெளுப்புத் தெரிந்தால் அங்கே மரம் நகர்ந்திருக்கிறது. ஆணியின் தலை கால் அங்குலம் மேலே எழும்பி, அதன் கழுத்து துருவேறி மெலிந்திருந்தால், காற்று கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறது. அடுத்த காற்றுக்கு அது நிற்காது.

*சுவரோடு சேரும் இடம்.* தாழ்வாரத்தின் மேல் விளிம்பு வீட்டுச் சுவரில் எப்படிப் பிடித்திருக்கிறது? மண்சுவரில் அடித்த முளை நெகிழ்ந்து, சுற்றிலும் பொடி உதிர்ந்திருந்தால் அந்தப் பிடிப்பை இல்லாததாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

*கூரை.* கடைசியில் ஓடும் ஷீட்டும்.

ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறி போடுங்கள். ஒரு கோடு: அப்படியே விடலாம். இரண்டு கோடு: பழுது நீக்கலாம். பெருக்கல் குறி: மாற்றவேண்டும். தூண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கல் குறி விழுந்தால், ஒட்டுப்போடுவதைவிடத் தாழ்வாரத்தைப் பிரித்து இறக்கிப் புதிதாகக் கட்டுவதே மலிவு. நல்ல ஓடும் நல்ல கைமரமும் மறுபடி பயன்படும்.

தற்காலிகப் பாதுகாப்பு

மழை விடாமல் பெய்தால் வேலை தொடங்கப் பல நாளாகலாம். சாய்ந்த உத்திரத்துக்கு உடனே முட்டுக் கொடுங்கள். முட்டின் அடியில் ஒரு பலகை வையுங்கள். ஈரமண்ணில் வெறும் கம்பு புதைந்துவிடும். திறந்த கூரையின் மேல் தார்ப்பாயை முகட்டுக்கு அப்பால் வரை இழுத்து, விளிம்பை ரீப்பர் சட்டத்தில் சுருட்டிக் கட்டுங்கள். மேலே கல்லை அடுக்காதீர்கள். காற்றில் அது தலையில் விழும். ஆட்டம் கண்ட ஓட்டைக் கழற்றிக் கீழே அடுக்கிவிடுங்கள்.

பழுது நீக்கும் வரிசை

*ஒன்று: நீரைத் திருப்புங்கள்.* கூரைத் தண்ணீர் இறவாரத்திலிருந்து நேரே திண்ணையின் அடியில் விழுந்தால் எந்தப் பழுதும் நிலைக்காது. இறவார வரிசைக்கு நேர் கீழே ஓரடி அகலச் சிறு வாய்க்கால் எடுத்து, சல்லி நிரப்பி, சரிவின் பக்கமாக வெளியேற்றுங்கள். கற்கட்டின் பின்னால் தண்ணீர் தேங்காதபடி அதில் நீர் வெளியேறும் துளைகள் விடுங்கள்.

*இரண்டு: தூணின் காலை மாற்றுங்கள்.* முதலில் தூணின் இருபுறமும் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். ஒரே நாளில் முழுதும் தூக்கவேண்டாம். ஒரு முறைக்குக் கால் அங்குலம், பிறகு ஓய்வு. அவசரப்பட்டால் சுவர் பிளக்கும். சுமை முட்டுக்கு மாறியதும் உளுத்த பகுதியை, அதற்கு மேல் நல்ல மரத்தில் இரண்டு அங்குலம் சேர்த்து அறுத்தெடுங்கள். அந்த உயரத்துக்குக் கல் அல்லது கான்கிரீட் பீடம் எழுப்புங்கள். பீடத்தின் தலை தரையிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் மேலே இருக்கட்டும். தண்ணீர் தேங்காதபடி சற்றுச் சரிவாகவும் இருக்கட்டும். தூணின் வெட்டுமுகத்துக்குச் சூடான தார் இரண்டு பூச்சு.

கல்லின் மேல் சும்மா உட்கார்ந்த தூண் கீழ்நோக்கிய சுமையைத் தாங்கும். மேல்நோக்கிய இழுவைக்குப் பயன்படாது. பீடத்துக்கடியில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்துக் கான்கிரீட் போடுங்கள். அது மட்டும் சுமார் 230 கிலோ எடை. அதில் இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்து, தூணின் இருபுறமும் மேலே வரவிட்டு, 12 மி.மீ. போல்ட் இரண்டால் தூணோடு முடுக்குங்கள். முன்வரிசையில் நான்கு தூண் இருந்தால் 900 கிலோவுக்கு மேல் நங்கூரம் கிடைக்கிறது.

*மூன்று: சுவரோரப் பிடிப்பு.* செங்கல் சுவரென்றால் சுவரை ஊடுருவும் போல்ட்டும் உள்பக்கம் தகட்டு வாஷரும் வையுங்கள். மண்சுவரென்றால் அதை நம்பாதீர்கள். சுவரை ஒட்டி உட்புறமும் தனித் தூண்கள் நிறுத்தி, தாழ்வாரத்தை வீட்டைச் சாராமல் தானே நிற்கவையுங்கள். செலவு சற்றுக் கூடும். ஆனால் தாழ்வாரம் போகும்போது வீட்டுச் சுவரையும் இழுத்துக்கொண்டு போகாது.

*நான்கு: முறிந்த கைமரம்.* முறிவின் இருபுறமும் குறைந்தது இரண்டடி நீளும்படி அதே அளவுள்ள நல்ல மரத்தை ஒட்டி வைத்து, 10 மி.மீ. போல்ட்டால் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். வெறும் ஆணி போதாது. புதிய மரத்துக்குப் பலா, வேங்கை, தேக்கு நல்லவை. சில்வர் ஓக் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும். ஆனால் மழைபடும் இடத்தில் சீக்கிரம் உளுக்கும், கறையானும் விரும்பும். அதை முட்டுக்கும் பலகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தூணுக்கு வேண்டாம்.

*ஐந்து: குறுக்கு முட்டு.* ஒவ்வொரு மூலைத் தூணிலிருந்தும் உத்திரத்துக்குச் சாய்வாக இரண்டடி நீளச் சட்டம் ஒன்று, இரு திசையிலும். தாழ்வாரம் பக்கவாட்டில் சாய்வதைத் தடுப்பது இதுதான். மூலை சதுரமாக இருக்கிறதா என்று 3 அடி, 4 அடி, 5 அடி அளவு போட்டுப் பார்த்துவிட்டு முடுக்குங்கள்.

*ஆறு: கட்டு.* ஒவ்வொரு கைமரத்தையும் உத்திரத்தோடும், உத்திரத்தைத் தூணோடும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் சுற்றிப் பிடியுங்கள். ஆணி மேல்நோக்கி இழுபட்டால் உருவிக்கொண்டு வரும். பட்டை அப்படி வராது. ஓட்டிலிருந்து ரீப்பருக்கு, ரீப்பரிலிருந்து கைமரத்துக்கு, உத்திரத்துக்கு, தூணுக்கு, கான்கிரீட்டுக்கு என்று பிடிப்பு விடுபடாமல் போகவேண்டும். நடுவில் ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் மற்றவை வீண்.

*ஏழு: கூரை.* இறவார ஓரத்து இரண்டு வரிசை ஓடுகளையும் முகட்டு வரிசையையும் துளையிட்டுச் செம்புக் கம்பியாலோ துத்தநாகம் பூசிய கம்பியாலோ ரீப்பரோடு கட்டுங்கள். காற்று முதலில் பிடிப்பது ஓரத்தைத்தான். ஷீட் என்றால் ஜே போல்ட்டையோ ஸ்க்ரூவையோ அலையின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில் போட்டால் ஒழுகும். ரப்பர் வாஷர் கட்டாயம். ஓரங்களில் நடுப்பகுதியைப்போல் இரண்டு மடங்கு நெருக்கமாகப் போடுங்கள். இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீளவேண்டாம்.

*எட்டு: திண்ணை.* மண்திண்ணையை மண்ணாலேயே ஒட்டுங்கள். செம்மண்ணும் நறுக்கிய வைக்கோலும் கலந்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து மிதித்து, விரிசலை அகலமாகக் கீறி நனைத்துவிட்டு அடையுங்கள். காய்ந்ததும் சாணி மெழுகுங்கள். மேலே சிமெண்ட் பூசவேண்டாம். அது உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவைக்கும். ஓரிரு மழைக்காலத்தில் பாளம்பாளமாகப் பெயரும், பெயரும்போது மண்ணையும் சேர்த்து இழுக்கும். கடினமான மேற்பரப்பு வேண்டுமானால் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் போதும்.

சாமானும் ஆளும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஒவ்வொரு நடைக்கும் வண்டிக் கூலி உண்டு. போல்ட், வாஷர், பட்டை, கம்பி, ஸ்க்ரூ, தார், சிமெண்ட் எல்லாவற்றையும் முழுதாக எழுதி, அக்கம்பக்கத்து நாலு வீட்டின் பட்டியலையும் சேர்த்து ஒரே நடையில் ஏற்றுங்கள். போல்ட்டும் பட்டையும் துத்தநாகம் பூசியவையாகவே வாங்குங்கள். மூடுபனி இறங்கும் ஊரில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கால் மாற்றுவது, கட்டுப் போடுவது, ஓடு வேய்வது எல்லாம் அனுபவமுள்ள ஆசாரியும் கொத்தனாரும் செய்யக்கூடியவை. ஆனால் வீட்டுச் சுவர் நேரிலிருந்து விலகியிருந்தாலோ, கற்கட்டு நகர்ந்திருந்தாலோ, கான்கிரீட் தூணில் கம்பி வெளியே தெரிந்தாலோ பொறியாளர் பார்க்காமல் கை வைக்கவேண்டாம்.

முடிந்த பிறகு

ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரை பிறக்குமுன் ஒரு தடவையும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும், அதே திருப்புளியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தைச் சுற்றி வாருங்கள். தளர்ந்த போல்ட்டை முடுக்குங்கள், வாய்க்காலைத் தூர் வாருங்கள், தாழ்வாரத்தின் மேல் நீளும் கிளையைக் கழியுங்கள். ஒரு காலை நேரம் போதும். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாதவர் தாழ்வாரத்துக்கு ஷீட் போடவேண்டாம், ஓடே போடட்டும். கையில் காசு குறைவாக இருந்தால் புதிய ஓட்டுக்கு முன் காலுக்கும் கட்டுக்கும் செலவிடுங்கள். கால் உறுதியாக இருந்தால் அடுத்த காற்றில் போவது நாலு ஓடாக மட்டும் இருக்கும்; அவற்றை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம்.